புனிதாவின் நான்கு ஐப்பசிகள்

சட்டன்
09.03.2025

திருமதி செல்வமலர் கனகரத்தினம் அவர்களுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்பது கடிதத்தின் முறை என்பதால் கேட்கிறேன். முழங்கால் சத்திரசிகிச்சைக்கு இன்னும் திகதி வரவில்லை என்று என் மகள் துஷ்யா சொன்னாள்.

இனி என் வாயால் உங்களோடு கதைப்பதில்லை என்று அம்மாவின் தகனத்தன்று சொன்னவன் நான். பன்னிரண்டு வருடமாகிறது. தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். நெடுஞ்சாலையில் விபத்து, நான் வந்து சேர இருபது நிமிடம் பிந்திவிட்டது. தகனசாலைக்காரர் கொடுத்த நேரம் முடியப் போகிறது என்று உங்கள் மகன் கீர்த்தனனை விட்டு, இங்கே கொள்ளிக்குப் பதிலாக இருக்கும் பொத்தானை அமர்த்த வைத்தீர்கள். நான் கதவைத் திறந்தபோது திரை மூடியிருந்தது. அதை மறந்துவிட்டு எழுதவில்லை. கையால் எழுதுவது கதைப்பதில் சேராது என்று தீர்மானித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி புனிதா இறந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. இறந்தவரின் பாஸ்போர்ட்டைத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். போன கிழமைதான் அதை எடுத்தேன். உள்ளே மொறோக்கோ நாட்டு முத்திரைகள் இருக்கின்றன. 2018, 2019, 2022, 2023. நான்கு முறையும் ஐப்பசி மாதம். ஃபெஸ் விமான நிலையத்தில் இறங்கி நான்காம் நாள் திரும்பியிருக்கிறாள்.

அந்த நான்கு முறையும் பாரிஸில் இருக்கும் தன் பள்ளித்தோழி கிளறிற்றா வீட்டுக்குப் போவதாகத்தான் என்னிடம் சொன்னாள். வரும்போது வெள்ளைப் பாகில் பாதாம் பதித்த ஒரு மிட்டாய் கொண்டுவருவாள். பாரிஸ் மிட்டாய் என்று நானும் தின்றிருக்கிறேன். நேற்றுக் கிளறிற்றாவுக்கு போன் எடுத்தேன். "புனிதா கடைசியா வந்தது 2011இல, அண்ணை" என்றாள். பிறகு யோசித்திருக்க வேண்டும். அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் இருவரும் கதைக்காத காலத்திலும் புனிதா உங்கள் வீட்டுக்கு வந்து போனது எனக்குத் தெரியும். உங்கள் கைப்பட்ட ஊறுகாயின் ருசி எனக்குத் தெரியாதா. ஆகவே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே கேள்விதான் கேட்கிறேன். அங்கே அவளுக்கு யார் இருந்தது?

முத்திரைகளின் பிரதி இதனுடன் இருக்கிறது.

இப்படிக்கு,
யோகராஜா


அப்டன் பார்க்
21.03.2025

அன்பின் தம்பி,

உன்ரை எழுத்தைக் கண்டு எத்தினை வருசம். கவரிலை என்ரை முழுப்பேரும் கிடந்ததாலை கவுன்சில் கடிதமாக்கும் எண்டு ரெண்டு நாள் உடைக்காமல் வைச்சிருந்தன். நான் ஏதோ கடவுள் விட்ட வழியில இருக்கிறன். முழங்கால், படியைக் கண்டாத்தான் சண்டைக்கு வருது. உனக்குப் பிரஷர் எப்பிடி? உப்பைக் குறைச்சனியோ? தனியச் சமைக்கிறாய் எண்டு துஷ்யா சொன்னவள். பருப்பை மட்டும் வைச்சுத் தின்னாதை, கீரையும் போடு.

கிறீன் ஸ்ட்ரீட்டில இப்ப நல்ல முருங்கைக்காய் வருது. கீர்த்தனனுக்கு ஷிப்ட் மாறியிட்டுது, ஞாயிறிலதான் வீட்டில நிக்கிறான். அவன் உன்னை எப்பவும் கேப்பான். மாமா இன்னும் கோவமோ எண்டு கேப்பான்.

பாஸ்போர்ட்டை அனுப்பி விடு தம்பி. போன ஆக்களின்ரை பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாப் பாக்கிறது நல்லதில்லை. அவள் நல்லவள். வேறை என்னத்தை எழுத. குளிர் இன்னும் விடேல்லை, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ.

அன்புடன்,
அக்கா


சட்டன்
24.03.2025

திருமதி செல்வமலர் கனகரத்தினம் அவர்களுக்கு,

உப்பைக் குறைத்துவிட்டேன். கீரை வாங்குகிறேன்.

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். என் கேள்விக்குப் பதில் இல்லை. பேராதனையில் பொறியியல் படித்த நான் இருபத்திரண்டு வருடமாக ஒரு கவுன்சிலில் பொதுமக்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுகிறேன். பதில் சொல்லாமல் பதில் எழுதுவது எப்படி என்பதை நீங்கள் எனக்குக் காட்டத் தேவையில்லை.

அவளுடைய மண்ணிறக் கைப்பையின் கிழிந்த உள்துணிக்குள் ஒரு விசிட்டிங் கார்ட் கிடந்தது. மூலாய் இத்ரிஸ் என்ற ஊரில் ஒரு விருந்தினர் விடுதி. அதன் பின்பக்கத்தில் புனிதாவின் எழுத்தில், தமிழில்: "சனி காலை ஆறு மணி. பிந்தக் கூடாது."

இருபத்தொன்பது வருடம் என்னோடு இருந்தவள் எந்த இடத்துக்கும் ஆறு மணிக்குப் போவதற்குத் துடித்ததை நான் கண்டதில்லை. அங்கே யாரோ காத்திருந்திருக்கிறான். அந்த ஊரைப் பற்றித் தேடிப் படித்தேன். மொறோக்கோவின் மிகப் புனிதமான ஊராம். இருபது வருடத்துக்கு முன்வரை முஸ்லிம் அல்லாதவர்கள் அங்கே இரவு தங்கக்கூட விடமாட்டார்களாம். நல்லூர்க் கந்தனைத் தவிர வேறு சாமியைத் தெரியாத ஒருத்திக்கு அங்கே என்ன வேலை?

ஈஸ்டர் விடுமுறையில் நானே போகிறேன். அதற்கு முன் ஏதும் சொல்ல இருந்தால் எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

யோகராஜா


அப்டன் பார்க்
17.04.2025

தம்பி,

சுகமா இரு. மூண்டு தரம் எழுதிக் கிழிச்சுப்போட்டன், அதுதான் பிந்திப்போச்சு.

போகாதை. நீ நினைக்கிற மாதிரி ஒருத்தனும் இல்லை. பிள்ளையார் அறிய ஒருத்தனும் இல்லை. போகாமல் இங்கை வா. நீ கதைக்க வேண்டாம், இருந்து கேட்டாக் காணும். நான் வாயால சொல்லுறன். எழுத எனக்கு ஏலாமல் கிடக்கு.

அக்கா


மெக்னெஸ், மொறோக்கோ
23.04.2025

அக்கா,

நான் புறப்படுவதற்கு முதல்நாள் உங்கள் கடிதம் வந்தது. ஒருவனும் இல்லை என்பதை நான் நம்பவில்லை. போகாதே என்று எழுதியிருந்ததால்தான் வந்தேன். ஏதோ இருக்கிறது என்று அதில் தெரிந்தது. இன்று அந்த ஊருக்குப் போய் வந்துவிட்டேன். இந்த ஹோட்டல் மேசையில் இருந்து எழுதுகிறேன். எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இங்கிருந்து ஒரு வாடகைக் கார். ஆறு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். நான் ஆறாவது ஆள், யாருடையதோ மாவுப் பை என் மடியில். முக்கால் மணித்தியாலம். ஒலிவ் மரம், பிறகும் ஒலிவ் மரம். தூரத்துச் சமவெளியில் உரோமர் கட்டிவிட்டுப் போன தூண்கள் தனியே நின்றன. ஒரு வளைவு திரும்பியதும் இரண்டு குன்றுகளில் வெள்ளை வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி இருந்தன. நடுவில் பச்சை ஓட்டுக் கூரை. அதுதான் ஊருக்குப் பெயர் தந்த பெரியவரின் அடக்கத்தலம். அவரும் அகதிதானாம். ஆயிரத்திருநூறு வருடத்துக்கு முன் ஒரு சண்டையில் தன் ஆட்கள் தோற்றுப்போக, உயிர் தப்பி இவ்வளவு தூரம் ஓடி வந்தவர். அவருக்கு ஒரு ஊரே கிடைத்தது. எனக்குக் கவுன்சிலில் முறைப்பாட்டுப் பிரிவு கிடைத்தது.

சதுக்கத்திலிருந்து ஒரு ஒடுங்கிய சந்து அடக்கத்தலத்துக்குப் போகிறது. இரண்டு பக்கமும் மெழுகுதிரிக் கடைகள், மிட்டாய்க் கடைகள். வெள்ளைப் பாகில் பாதாம் பதித்த அந்த மிட்டாய் பாளம் பாளமாக அடுக்கி வைத்திருந்தது. என் பாரிஸ் மிட்டாய். கடையடியில் நின்றுவிட்டேன், அக்கா. நான்கு முறை என் வாயில் போட்ட பொய்யை ஒருவன் கத்தியால் வெட்டி நிறுத்துக்கொண்டிருந்தான்.

சந்து முடியும் இடத்தில் இடுப்பளவில் குறுக்கே ஒரு மரச்சட்டம். நான் குனியப் பார்த்தேன்.

"முஸ்லிமா?" என்றான் மிட்டாய்க்காரன்.

"இல்லை."

"அப்படியென்றால் இதுவரைக்கும்தான். உங்களுக்கும் கழுதைக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கார்டைக் காட்டினேன். மேலே கையைக் காட்டினான்.

படிகள். எண்ணிக்கொண்டு போய் இருநூறோடு விட்டுவிட்டேன். பச்சை ஓடு பதித்த ஒரு உருளை வடிவக் கோபுரம் வழியில் வந்தது. அதைச் சுற்றி வெள்ளை எழுத்தில் வேதவாக்கியங்கள். முழங்கால் வலிக்காரி என்று வீட்டில் மாடிக்கே இரண்டு தரம் யோசித்து ஏறும் புனிதா இந்தப் படிகளில் எப்படி ஏறினாள் என்று யோசித்தேன். யாரோ கை கொடுத்திருக்கிறான் என்றும் யோசித்தேன். நான் அப்படிப்பட்டவன்தான், மறைக்கவில்லை.

விடுதிக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சின்ன முற்றம், எலுமிச்சை மரம். சுவரில் விருந்தினர் படங்கள் இருபது முப்பது இருக்கும். ஒன்றில் ஒரு பெண் ஒலிவ் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள். கடைவாய்ப் பல் தெரிந்தது. யாரோ என்று பார்வை தாண்டிவிட்டது. பிறகு திரும்பியது.

வெள்ளை உடுப்பு. நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலிக்கொடி இல்லை.

அக்கா, நான் என் மனைவியை அடையாளம் காணவில்லை.

"தண்ணீர் வேண்டுமா?" என்று பின்னால் குரல் கேட்டது. விடுதிக்கார அம்மா. ஹலீமா என்று பெயர். அறுபது வயதிருக்கும். மெக்னெஸில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல ஆங்கிலம். நான் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டேன். ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"லண்டன்காரி. ஒலிவ் பறிக்கும் காலத்தில் வருவாள். தனியாகத்தான் வருவாள். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி தோட்டத்துக்குப் போகும், எனக்கு முன்னால் அவள் வாசலில் நிற்பாள். போன வருடம் வரவில்லை. செய்தி அனுப்பினேன், பதிலும் இல்லை."

"யாரோடும் வருவதில்லையா?"

"யாரோடு வருவாள்? பாவம், கணவன் இறந்துவிட்டான். முதல் தடவை வெள்ளையில் வந்தாள். எங்களிலும் கணவன் போனால் நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுப்போம், அதனால் நான் அதிகம் கேட்கவில்லை. உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

 வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நான் அவளுடைய அண்ணன்."

பிறகு மற்றதையும் சொல்ல வேண்டியிருந்தது. போன வருடம் தை மாதம், பக்கவாதம், சட்டனில் பஸ் தரிப்பில். அந்த அம்மா அப்படியே படியில் இருந்துவிட்டார். தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து போய்க் கதவில் நின்று யாரையோ கூப்பிட்டார்.

பெண்கள் வந்தார்கள். ஒருத்தி, இரண்டு பேர், பிறகு முற்றம் நிறைய. பாண், ஒலிவ், கூம்பாக வார்த்த ஒரு சீனிக்கட்டி, ஒரு சட்டி நிறையச் சமைத்த உணவு. ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து உங்கள் தலையில் அருள் நிற்கட்டும் என்ற மாதிரி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. புனிதாவின் செத்தவீட்டுக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று என்னிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்களுக்கு நேரே "வந்தவர், பின்னுக்கு நின்றவர்" என்று எழுதி வைத்திருக்கிறேன். இங்கே வந்தவர்களில் ஒருவரின் பெயரும் எனக்குத் தெரியாது.

இரண்டு மணித்தியாலம் அங்கே அண்ணனாக இருந்தேன். என்னைப் பற்றி, அதாவது செத்துப்போன கணவனைப் பற்றி, ஹலீமா சிலது சொன்னார். அவற்றை எழுதப் போவதில்லை. வெயில் சாய முன் கார் பிடிக்க வேண்டும் என்று எழும்பினேன். சதுக்கம் வரைக்கும் என்னோடு இறங்கி வந்தார்.

உயிரோடு இருக்கும் மனிதனைச் செத்தவனாக்கித் தாலியைக் கழற்றி எறிந்துவிட்டுச் சிரித்திருக்கிறாள். வேறு ஒருவன் இருந்திருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். கோபம் எனக்குப் பழக்கம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உங்களுக்கு எவ்வளவு தெரியும்?

உங்கள் முழங்காலுக்கு இந்தப் படிகள் ஆகாது.

யோகராஜா


அப்டன் பார்க்
02.06.2025

அன்பின் தம்பி,

நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்கவே பயமாக் கிடக்கு. கடிதம் எனக்குக் கிடைக்க மூண்டு கிழமை, பதில் எழுத மனம் வர இன்னும் ரெண்டு கிழமை. துஷ்யாட்டை விசாரிச்சன், அப்பா வேலைக்குப் போறார், சாப்பிடுறார் எண்டாள். அது காணும்.

அவள் கொடியை எறியேல்லை. என்னட்டைத்தான் இருந்தது.

ஒவ்வொரு முறையும் சட்டனில இருந்து நேர என்ரை வீட்டை வருவாள். பாத்ரூமுக்குள்ள போய்ப் பொட்டை அழிச்சு, கொடியைக் கழட்டிக் கைலேஞ்சியில சுத்திக்கொண்டு வந்து என்ரை கையில தருவாள். நான் சாமி அறையில, விபூதித் தட்டுக்குப் பின்னால வைப்பன். நாலு நாளும் விளக்கு வைக்கேக்க அதைப் பாக்க மாட்டன். திரும்பி வந்தாலும் நேர என்னட்டைத்தான் வருவாள். அவளுக்குக் கொளுக்கி பூட்ட வராது, உனக்குத் தெரியும்தானே, விரல் மரத்துப்போகும். "மச்சாள், நீங்களே பூட்டி விடுங்கோ" எண்டு கழுத்தைக் காட்டுவாள்.

நான் அத்தானைச் சாகக் குடுத்தவள். என்ரை கையால ஒரு சுமங்கலியின்ரை கழுத்தில கொடி பூட்டக் கூடாது. முதல் முறை மாட்டன் எண்டன். "லண்டனில ஆர் பாக்கினம்" எண்டாள். நாலு முறை பூட்டினன் தம்பி. ஒவ்வொரு முறையும் உனக்கு ஏதும் வந்திடுமோ எண்டு நடுங்கினன். ஒவ்வொரு முறையும் மகாலட்சுமி கோயிலுக்குப் போய் உன்ரை பேரில அர்ச்சனை செய்தன். கடைசியாப் பூட்டி மூண்டு மாசத்தில செத்தவீட்டுச் செய்தி வந்தது. கீர்த்தனன் போனை வைச்சிட்டு என்னைப் பாக்க, நீதான் எண்டு நினைச்சு நான் கத்தியிட்டன். மாமி எண்டு சொன்னான். நான் பயந்த பயமெல்லாம் வேறை ஆளுக்காகப் பயந்தது.

அதாலதான் செத்தவீட்டில கிட்ட வரேல்லை. நீ முகத்தைத் திருப்பினதால எண்டு நினைச்சிருப்பாய்.

நேரத்துக்கு மருந்தைப் போடு.

அக்கா


சட்டன்
05.06.2025

திருமதி செல்வமலர் கனகரத்தினம் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மருந்து போடுகிறேன்.

அம்மாவின் பொத்தான் ஒரு தரம். இது நான்கு தரம். என் வீட்டில் இருந்து புறப்பட்டவளை உங்கள் வீட்டில் வைத்து விதவையாக்கி அனுப்பியிருக்கிறீர்கள். பயந்தேன் என்கிறீர்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பயம் இல்லாமல் போயிருக்கும்.

இன்னும் ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். நான் செத்துவிட்டேன் என்று சொல்ல அவளுக்கு எப்படி மனம் வந்தது?

யோகராஜா


அப்டன் பார்க்
20.06.2025

தம்பி,

நல்லா இரு. உனக்கு என்னிலை கோவம் எண்டால் நல்லது, கோவம் இருந்தால் நீ சாப்பிடுவாய்.

சொன்னால் என்ன செய்திருப்பாய்? விட்டிருப்பியோ? அவள் வேலை செய்த பள்ளிக்கூடக் குசினியில நஜாத் எண்டு ஒரு மொறோக்கோப் பிள்ளை கூட வேலை செய்தது. ஹலீமா அந்தப் பிள்ளைக்கு ஏதோ சொந்தம். அதுதான் முதல் முறை வழி சொல்லி அனுப்பினது. இப்ப மொன்றியலில இருக்கு. நஜாத்தின்ரை பேரைப் புனிதா வீட்டில எத்தினை தரம் சொல்லியிருப்பாள். நீ கேட்டிருக்க மாட்டாய். நீ இரவுச் சாப்பாட்டுக்கு இருந்தால் கோயில் கமிட்டி புவனேந்திரன் என்ன சொன்னவன், ஒஃபிஸில ஆர் உன்ரை புரோமோஷனைத் தட்டிப் பறிச்சவன், அம்மாவின்ரை செத்தவீட்டில நான் என்ன செய்தன், இதுகள்தான். அவளுக்கு ஒவ்வொண்டும் பாடம். "மச்சாள், வருசத்தில நாலு நாள் ஒருத்தரையும் கோவிக்காமல் சாப்பிட வேணும்" எண்டுதான் கேட்டவள். வேறை ஒண்டும் கேக்கேல்லை.

தனியப் போற பொம்பிளையைப் புருசன் எங்கை எண்டு கேப்பினம், என்ன சொல்ல எண்டு கேட்டாள். செத்திட்டார் எண்டு சொல்லு, அதுக்கு மேல ஒருத்தரும் கேளாயினம் எண்டு நான்தான் சொல்லிக் குடுத்தன். எனக்கு அனுபவம். அந்தப் பொய் என்ரை பொய். அவளை நோகாதை, என்னை நோ.

அந்த ஹலீமா உன்னைப் பற்றி என்ன சொன்னவா? நீ எழுதாமல் விட்டதை நினைச்சு எனக்கு நித்திரை இல்லை.

அக்கா


சட்டன்
27.09.2025

அன்பின் அக்காவுக்கு,

நான் ஓரளவு சுகம். சத்திரசிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று துஷ்யா சொன்னாள். ஊன்றுகோலை அவசரப்பட்டு விடாதீர்கள்.

மூன்று மாதம் பதில் எழுதவில்லை. அந்தப் பொய்யை நீங்கள்தான் கொடுத்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மூன்று மாதமாக அதை நம்பிப் பார்த்தேன். நம்பினால் உங்களைக் கோபிக்கலாம், அது எனக்குச் சுலபம். ஆனால் ஏலவில்லை. நீங்கள் கொடுத்தது செத்துவிட்டார் என்ற ஒரு வார்த்தைதான். மிச்சத்தைப் புனிதாவே சொல்லியிருக்கிறாள்.

அந்த முற்றத்தில் ஹலீமா சொன்னது இது. புனிதாவின் கணவன் மிக நல்லவன். லண்டனில் அவர்களுடைய முதல் குளிர்காலத்தில் அவள் விடிய முன் ஒஃபிஸ் கூட்டும் வேலைக்குப் போவாளாம். அவன் அவளுக்கு முன் எழும்பி அவளுடைய சப்பாத்தை அடுப்புக்குள் வைத்துச் சூடாக்கிக் கொடுப்பானாம், கால் விறைக்கக் கூடாது என்று. ஒரு நாள் நித்திரை தூங்கி அடிப்பாகம் உருகிப்போயிற்றாம். பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டு போனாளாம். வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே போனாளாம். இதை ஹலீமா அங்கே இருந்த பெண்களுக்கு அவர்களுடைய மொழியில் திருப்பிச் சொல்ல, எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த கதை. அந்தக் கிழவி கயிறு கட்டுவதுபோல் கையால் செய்து காட்டினாள்.

அக்கா, அது நான்தான். 1994இல் மிற்சத்தில் அந்த ஒற்றை அறையில். எனக்கு மறந்தே போயிருந்தது. புவனேந்திரன் எந்தத் திகதியில் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும். இது தெரியாது.

அங்கே அவளுக்கு யார் இருந்தது என்று முதல் கடிதத்தில் உங்களைக் கேட்டேன். ஒருவனும் இல்லை என்றீர்கள். இருந்தான். அவனைப் பற்றிக் கதைக்கத்தான் அவள் வருடா வருடம் போயிருக்கிறாள். உங்களிடமும் என்னிடமும் அவனைப் பற்றிக் கதைக்க முடியாது. நாங்கள் இருவரும் இப்போது இருப்பவனைத்தான் அறிவோம்.

கார் நிறுத்தும் இடத்தில் ஆறாவது ஆளுக்காக நின்றபோது ஹலீமா கேட்டார்.

"நீங்கள் அண்ணன். உண்மையைச் சொல்லுங்கள். அவன் அவ்வளவு நல்லவனா, இல்லை, செத்தவர்களைப் பற்றி எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களா?"

நான் அவனை ஆரம்பத்தில் அப்படித்தான் அறிந்திருந்தேன் என்று சொன்னேன். ஆரம்பத்தில் நல்லவனாகத்தான் இருந்தான் என்றேன்.

"அவளும் அதைத்தான் சொன்னாள். ஆரம்பத்தில் என்று. அதற்குப் பிறகு என்று நான் கேட்டேன்."

ஆறாவது ஆள் வந்துவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அதற்குப் பிறகு செத்துப்போய்விட்டார் என்று சொன்னாள்."

மழை தொடங்கிவிட்டது. படியில் கவனமாக இறங்குங்கள்.

உங்கள் தம்பி,
யோகராஜா